'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலை வீட்ல பசங்களோட முழுசா படிச்சு முடிக்கிறது எப்படி

ஆர்.கே. நாராயணோட இந்த நாவல் பேரைச் சொன்னதுமே நம்மள்ல பாதிப் பேருக்கு எல். வைத்தியநாதன் போட்ட அந்த 'மால்குடி டேஸ்' டிவி சீரியல் டியூன்தான் காதுல கேக்கும், மீதிப் பேருக்கு ஸ்கூல் இங்கிலீஷ் புக்ல பாடமா வந்த ஒரு துண்டு ஞாபகம் வரும். ஆனா கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன்னு சொல்றவங்களை நான் ரொம்பக் கம்மியாத்தான் பாத்திருக்கேன். எனக்கு இதுல நெஜமாவே வருத்தம் உண்டு, ஏன்னா இந்த நாவலோட உயிர் கடைசி நாலு அத்தியாயத்துலதான் இருக்கு. அதுக்கு முன்னாடி வர்ற குறும்பெல்லாம் அங்க கொண்டுபோய் விடுறதுக்கான பாதை. பாதையை மட்டும் சுத்திப் பாத்துட்டு ஊருக்குள்ள போகாமத் திரும்பி வந்தா எப்படி?

போன வருஷம் லீவுல எங்க அக்கா பொண்ணோட இதை முழுசா படிச்சேன். அவளுக்கு 11 வயசு, ஆறாவது. கதையோட நாயகன் சுவாமியும் அதே கிளாஸ்தான், கதையில ஃபர்ஸ்ட் ஃபார்ம்னு வரும், இன்னைக்குக் கணக்குல அது ஆறாம் வகுப்பு. இதை முதல் நாளே பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க, 'இவன் உன் கிளாஸ்டா' அப்படின்னு. பத்து வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு இப்ப வேணாம்னுதான் சொல்வேன். கதை புரிஞ்சிடும், ஆனா கடைசில வர்ற வலி புரியாது.

மொத்தம் 19 அத்தியாயம், எல்லாமே சின்னதுதான். ராத்திரிக்கு ஒண்ணுன்னு வச்சா மூணு வாரத்துக்குள்ள முடிஞ்சிடும். ஒரே நாள்ல நாலு அஞ்சுன்னு ஓட்டாதீங்க, திங்கக்கிழமை காலையில ஸ்கூலுக்குப் போகணுமேங்கிற அந்த அலுப்புலதான் கதையே ஆரம்பிக்குது, அதனால ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி தொடங்குறது ரொம்பப் பொருத்தம். நாங்க அப்படித்தான் தொடங்கினோம். முதல் பக்கத்துலயே அவ எழுந்து உக்காந்துட்டா.

எந்த மொழியில படிக்கிறதுன்னு ஒரு குழப்பம் வரும். புத்தகம் இங்கிலீஷ்ல எழுதினது, ஆனா அந்தப் பசங்க எல்லாரும் வீட்லயும் தெருவிலயும் பேசுறது நம்ம பேச்சுதான். பாட்டி என்ன இங்கிலீஷா பேசிருப்பாங்க? நான் என்ன பண்ணேன்னா, கதை சொல்ற பகுதியை இங்கிலீஷ்ல வாசிச்சிட்டு, பேச்சு வர்ற இடத்தையெல்லாம் அப்படியே தமிழ்ல மாத்திச் சொன்னேன், சுவாமியோட ஃப்ரெண்ட் மணிக்கு ஒரு முரட்டுக் குரல், இன்னொரு ஃப்ரெண்ட் ராஜத்துக்குக் கொஞ்சம் மிடுக்கா, அப்பாவுக்கு அடிக்குரல்ல. இப்படிப் பண்ணும்போதுதான் எனக்கே ஒண்ணு தெரிஞ்சது, அந்த வாக்கியமெல்லாம் தமிழுக்குள்ள தடங்கலே இல்லாம வந்து உக்காருது. நாராயண் 1906ல மெட்ராஸ்ல பிறந்தவர், சின்ன வயசுல புரசைவாக்கத்துல பாட்டி வீட்லதான் வளந்தார், கலாநிலயம் பத்திரிகை நடத்தின டி.என். சேஷாசலம் அவருக்குத் தாய்மாமா. அப்படிப்பட்ட வீட்ல கேட்ட பேச்சு எழுத்துல எங்க போகும்.

முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது ரெண்டே விஷயம். ஒண்ணு அந்தக் காலத்துக் காசு, 4 பைசா ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய். இது தெரியலைன்னா உருட்டி விளையாடுற வளையம் வாங்க ஆசைப்பட்டு சுவாமி வண்டிக்காரன்கிட்ட ஏமாறுற அத்தியாயத்துல சுவாரசியமே இருக்காது. இன்னொண்ணு 1930, அதாவது காந்தி தண்டிக்கு நடந்துபோய் உப்பு எடுத்த வருஷம், ஊர் ஊரா அந்நியத் துணியை எரிச்ச சமயம். இவ்வளவு போதும். கதை நடக்கிற மால்குடி எங்க இருக்குன்னு கேட்டா அது அவர் மனசுல உண்டாக்கின ஊர்னு சொல்லிட்டுப் போயிடுங்க, மேப் எல்லாம் வேணாம்.

படிக்கும்போது சில இடத்துல கட்டாயம் நிறுத்தணும். எனக்கு முதல் நிறுத்தம் மாம்பழக் கணக்கு. லீவு விட்டாச்சு, ஆனா அப்பா விடமாட்டேங்கிறார், உக்கார வச்சுக் கணக்கு போடச் சொல்றார். ராமன்கிட்ட பத்து மாம்பழம், அதை வச்சு அவன் 15 அணா சம்பாதிக்கணும், கிருஷ்ணனுக்கு நாலு பழம் போதும், அவன் எவ்வளவு குடுக்கணும்? புத்தகத்தை மூடிட்டு பிள்ளைகிட்ட ஒரு பேப்பரைக் குடுத்துப் போடச் சொல்லுங்க. ஆறு அணா வரும். அப்புறம் தொடர்ந்து படிங்க. சுவாமிக்குக் கணக்கே வராது, ராமனும் கிருஷ்ணனும் எப்படிப்பட்ட ஆளுங்கன்னு யோசிப்பான், பழம் பழுத்ததா காயான்னு தெரியாம எப்படி விலை சொல்றதுன்னு அப்பாகிட்டயே கேப்பான். எங்க வீட்ல அவ அரை நிமிஷத்துல ஆறுன்னு எழுதிட்டா, ஆனா சுவாமி கேட்ட கேள்வியைப் படிச்சதும் பேனாவைக் கீழ வச்சிட்டு 'மாமா, அவன் கேட்டதுதானே சரி, காயா இருந்தா யாரு ஆறு அணா குடுப்பா'ன்னா. நான் ஒண்ணும் சொல்லலை. அந்தக் காட்சி எப்படி முடியுதுன்னா, விடை வர்றதுக்குள்ள அப்பா காதைத் திருகி, பையன் அழுதுடுவான். சிரிச்சுக்கிட்டே வந்தவங்க அங்க வந்ததும் சட்டுனு அமைதியாகிடுவோம். இந்த மாதிரி சிரிப்பும் அழுகையும் ஒரே பக்கத்துல வர்ற இடத்துல எல்லாம் வேகமா வாசிச்சுத் தாண்டாதீங்க, கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் போங்க.

பாட்டி வர்ற இடங்களும் அப்படித்தான். காத்து வராத ஒரு நடையில தன்னோட படுக்கை பெட்டியோட அவங்க பாட்டுக்கு இருக்காங்க, ஏலக்காயும் கிராம்பும் கலந்த ஒரு வாசனை அவங்க மேல, ராத்திரி சுவாமி போய் மடியில தலை வச்சுப் படுத்தா அவனுக்கு எந்தப் பயமும் இல்லை. அதே பாட்டி பின்னாடி ஒருநாள் வயித்து வலியில ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாடான்னு கெஞ்சுவாங்க, இவன் கிரிக்கெட்டுக்கு நேரமாச்சுன்னு ஓடிடுவான். ஆடிட்டு இருக்கும்போதுதான் உறைக்கும், பாட்டி செத்துப்போயிருந்தா என்ன பண்றதுன்னு பதறி வீட்டுக்கு வருவான். இதைப் படிச்சிட்டுப் பிள்ளைகிட்ட 'பாத்தியா, பெரியவங்க சொன்னா கேக்கணும்'னு தயவுசெஞ்சு ஆரம்பிச்சிடாதீங்க. அந்தக் குத்தவுணர்ச்சியை நாராயண் ஒரு பையனோட அளவுக்குச் சரியா வச்சிருக்கார், நாம மேல ஒரு வரி சேத்தாலும் கெட்டுடும். எங்க வீட்ல அவ அன்னிக்கு ராத்திரி அவங்க ஆச்சிக்கு ஃபோன் போட்டுச் சும்மா பேசினா, ஏன்னு நான் கேக்கலை.

ஜாலியா சத்தமா படிக்க வேண்டியது எம்.சி.சி. டீம் ஆரம்பிக்கிற பகுதி. மால்குடி கிரிக்கெட் கிளப்னு பேர் வச்சிட்டு, மெட்ராஸ் மவுண்ட் ரோடுல இருந்த பின்ஸ் கடைக்கு பேட்டும் பந்தும் அனுப்புங்க, பணம் அப்புறம் தர்றோம், பயப்படாதீங்கன்னு கடுதாசி போடுவாங்க. கடைக்காரங்க கால்வாசி முன்பணம் கேட்டு எழுதினா, இது வேற எந்த ராஜத்துக்கோ வந்த கடுதாசின்னு முடிவு பண்ணித் திருப்பி அனுப்பிடுவாங்க. முடிஞ்சா பிள்ளையையே அந்தக் கடுதாசி மாதிரி ஒண்ணு எழுதச் சொல்லுங்க. இங்கதான் சுவாமிக்கு டேட்னு பட்டப்பேர் வரும், அந்தக் காலத்து இங்கிலாந்து பவுலர் மாரிஸ் டேட் பேர் அது. பாட்டிக்கு டேட் யாருன்னே தெரியலைன்னு அவனுக்கு வர்ற அதிர்ச்சி இருக்கே, அது எல்லாக் காலத்துப் பேரப்பிள்ளைக்கும் வர்றதுதான்.

சங்கடமான பகுதிகளும் இருக்கு, அதுங்களைத் தாண்டிப் போகாதீங்க. மிஷன் ஸ்கூல்ல எபனேசர் வாத்தியார் கிருஷ்ண பகவானைக் கேலி பண்றது, சுவாமி பதிலுக்கு ஏசுவைப் பத்திக் கேட்டு காது திருகல் வாங்குறது. நாராயண் சின்ன வயசுல படிச்சதும் புரசைவாக்கத்துல ஒரு லூத்தரன் மிஷன் ஸ்கூல், அங்க பாத்த கேட்ட விஷயம் இதுல இருக்கு. உங்க பிள்ளை கூட எல்லா மதத்துப் பிள்ளைங்களும் படிப்பாங்க, அதனால ஒரு வாத்தியார் கிளாஸ்ல உக்காந்திருக்கிற பிள்ளையோட சாமியைக் கேலி பண்ணா அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்னு மட்டும் பேசுங்க, எந்தப் பிள்ளையா இருந்தாலும். அப்புறம் அடி. இந்தக் கதையில பெரம்பு நிறைய வரும், ரெண்டு ஸ்கூல்ல இருந்தும் சுவாமி ஓடுறதே பெரம்பாலதான். 'அப்பல்லாம் அப்படித்தான்'னு சொல்லித் தள்ளிட்டுப் போனா பிள்ளைக்குத் தப்பான பதில் போய்ச் சேரும். கதை அந்த அடியோட பக்கம் நிக்கலை, அடி வாங்குறவன் பக்கம்தான் நிக்குதுன்னு சொல்லுங்க.

அரசியல் வர்ற அத்தியாயத்துல ஒரு விஷயத்தைப் பெரியவங்களே கவனிக்காம விட்டுடுவாங்க. கதையில 1930 ஆகஸ்ட் 15 அன்னிக்கு மால்குடியில ஓடுற சரயு நதிக் கரையில கூட்டம், துணி எரிப்பு, சுவாமி தன் தொப்பியைக் கழட்டி நெருப்புல போட்டுடுவான். அடுத்த நாள் ஊர்வலத்து மேல போலீஸ் தடியடி. அந்தப் போலீஸுக்கு உத்தரவு போடுற அதிகாரி யாருன்னா ராஜத்தோட அப்பா. உயிர்த் தோழனோட அப்பா! அந்த இடத்துல பிள்ளைகிட்ட 'இப்ப சுவாமி நாளைக்கு ராஜத்துகிட்ட எப்படிப் பேசுவான்'னு கேட்டுட்டு அன்னிக்குப் படிப்பை நிறுத்திடுங்க. நாவல் இதைப் பெருசா விளக்காது, ஆனா இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல விழுற விரிசலோட ஒரு நூல் இங்கயும் இருக்குன்னு நான் நம்புறேன்.

இப்ப கடைசி நாலு அத்தியாயம். இதை மட்டும் ரெண்டு ராத்திரியில முடிங்க, இடைவெளி விடாதீங்க. ஹெட்மாஸ்டர் கையில இருந்த பெரம்பைப் பிடுங்கி ஜன்னல் வழியா எறிஞ்சிட்டு ஓடுற சுவாமி, மெம்பிக் காட்டுல வழி தவறி, காட்டிலாகா அதிகாரி வீட்ல கண்ணு முழிச்சு ஊர் திரும்பும்போது மேட்ச் முடிஞ்சுபோயிருக்கும், டீம் தோத்திருக்கும். ராஜம் பேச மாட்டான். அவங்க அப்பாவுக்கு மாற்றல், விடியக்காலை ரயில். சுவாமி தனக்குப் பிடிச்ச ஆண்டர்சன் கதைப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவான், ரயில் நகர ஆரம்பிச்ச பிறகு மணிதான் அதை வாங்கி ஜன்னல் வழியா ராஜம் கையில சேப்பான். ராஜம் ஏதோ சொல்வான், அந்தச் சத்தத்துல இவனுக்குக் காதுல விழாது. அப்புறம் சுவாமி மணிகிட்ட கேப்பான், ராஜம் லெட்டர் போடுவானா, என் அட்ரஸ் அவன்கிட்ட இருக்கான்னு. மணி இருக்குன்னு சொல்வான். அது உண்மையா, இவன் மனசு நோகக்கூடாதுன்னு சொன்ன பொய்யான்னு மணி முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க சுவாமியால முடியாது, எவ்வளவு வருஷப் பழக்கம், முதல் தடவையா அந்த முகம் அவனுக்குப் புரியாமப் போகுது. அதோட நாவல் முடிஞ்சிடுது.

நானும் சொல்லிடறேன், வளர்றதுன்னா என்னன்னு இதைவிடச் சின்னதா இதைவிடச் சரியா ஒருத்தர் எழுதி நான் படிச்சதில்லை. உங்க பிள்ளை 'ராஜம் லெட்டர் போட்டானா'ன்னு கண்டிப்பா கேக்கும். 'போட்டிருப்பான்'னு ஆறுதல் சொல்லாதீங்க. தெரியலைன்னு சொல்லுங்க. எங்க வீட்ல லைட்டை அணைச்ச பிறகும் அவ தூங்கலை, போன வருஷம் ஊர் மாறிப்போன ஒரு ஃப்ரெண்டைப் பத்தி முதல் தடவையா எங்கிட்ட பேசினா.

இந்த நாவலை உலகம் எப்படி வாங்கிக்கிச்சுங்கிற கதையை முன்னாடியே சொல்லிடாதீங்க, முடிச்ச பிறகு ஒரு நாள் உக்காந்து சொல்லுங்க, அதுவே ஒரு நல்ல கதை. 1930ல ஒரு விஜயதசமி அன்னிக்கு, பெங்களூர்ல, பாட்டி பாத்துக் குடுத்த நல்ல நாள்ல ஒரு நோட்டை வாங்கி நாராயண் எழுத ஆரம்பிச்சப்ப மால்குடி ஸ்டேஷன்தான் முதல்ல மனசுல வந்துச்சாம். அவர் மனசுல கதை தொடங்கினதும் அந்த ஸ்டேஷன், நாவல் முடியுறதும் ஸ்டேஷன், இதைச் சொன்னா பிள்ளைங்க கண்ணு விரியும். எழுதி முடிச்சு லண்டனுக்கு அனுப்ப அனுப்ப ஒவ்வொரு பதிப்பகமா திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியா ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சுட்டிருந்த ஃப்ரெண்ட் கிட்டு பூர்ணாவுக்கு, அதுல ஒரு கல்லைக் கட்டி தேம்ஸ் ஆத்துல போட்டுடுன்னு எழுதிட்டார். அவர் போடலை, இங்கிலீஷ் நாவலாசிரியர் கிரஹாம் கிரீன்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தார். கிரீன் படிச்சு ஆசைப்பட்டு, 1935ல ஹமிஷ் ஹாமில்டன் பதிப்பகம் மூலமா வெளிய கொண்டுவந்தார், 'சுவாமி த டேட்'னு இருந்த தலைப்பையும் மாத்தச் சொல்லி, நாராயணசுவாமிங்கிற பேரையும் நாராயண்னு சுருக்கச் சொன்னதும் அவர்தான். நாராயணும் கிரீனும் முன்பின் பாக்காத ரெண்டு பேர், பல வருஷம் கழிச்சுத்தான் நேர்ல சந்திச்சாங்க. ஒரு ஃப்ரெண்டு சொன்ன பேச்சைக் கேக்காததால பிழைச்ச புத்தகம் இது, அதுவும் நட்பைப் பத்தின புத்தகம்.

விமர்சனம் நல்லா வந்துச்சு, விக்கலை. அடுத்த நாவலுக்கு 1937ல நெல்சன்னு வேற பதிப்பகம், அதுக்கடுத்ததுக்கு 1938ல மேக்மில்லன்னு இன்னொண்ணு தேட வேண்டி வந்துச்சு. அமெரிக்காவுக்கு 1954லதான் போச்சு. பின்னாடி பேர் வந்த பிறகு எதிர்ப் பேச்சும் வந்துச்சு, மால்குடி உலகத்துல நாட்டோட நெஜமான அவலமும் வரலாறும் எட்டிப் பாக்கலைங்கிற மாதிரி எழுத்தாளர் வி.எஸ். நைபால் எழுதினார், உரைநடை தட்டையா இருக்குன்னு சசி தரூர் எழுதினார். இதை மறைக்க வேணாம். பெரிய பசங்களா இருந்தா ரெண்டையும் சொல்லிட்டு, தொப்பி எரிக்கிற அத்தியாயத்தையும் கடைசிப் பக்கத்தையும் கையில குடுத்து நீயே பாத்துச் சொல்லுன்னு விடுங்க. என்னைக் கேட்டா, அந்தக் குற்றச்சாட்டுல நியாயம் கொஞ்சம் உண்டு, சமையக்காரர், வண்டிக்காரர் பையன் மாதிரி ஆளுங்க மனசுக்குள்ள கதை போகவே இல்லை, பெண்பிள்ளைகளும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அக்கா பொண்ணு இதை அஞ்சாவது நாளே கேட்டுட்டா, 'இவனுக்கு ஒரு கேர்ள் ஃப்ரெண்டுகூட ஏன் மாமா இல்லை, இந்த ஊர்ல பொண்ணுங்க ஸ்கூலுக்கே போகலையா' அப்படின்னு. ஆனா உரைநடை தட்டைங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன், அந்த ஸ்டேஷன் பக்கத்துல ஒரு அலங்கார வார்த்தை கூடியிருந்தாலும் மணி முகம் நமக்குத் தெரிஞ்சிருக்காது.

டிவி சீரியலை இதுக்கெல்லாம் அப்புறம் போட்டுக் காட்டுங்க. 1980கள்ல சங்கர் நாக் எடுத்தது, கர்நாடகாவுல இருக்கிற ஆகும்பேவுல ஷூட்டிங், மஞ்சுநாத்தான் சுவாமி, அப்பாவா கிரிஷ் கர்நாட், ஓவியம் ஆர்.கே. லக்ஷ்மண், அதாவது நாராயணோட சொந்தத் தம்பி. அருமையான வேலை. ஆனா முதல்ல அதைப் பாத்துட்டா மஞ்சுநாத் முகம்தான் சுவாமி, வேற முகத்தைக் கற்பனை பண்ணவே முடியாது. எங்க வீட்ல அவ மனசுல இருந்த சுவாமிக்குக் கண்ணாடி உண்டாம்! புத்தகத்துல அப்படி ஒரு வரி இல்லை, நான் திருத்தலை.

இன்னும் ஒண்ணு சொல்லி முடிங்க, இதை நான் கடைசி நாளுக்குன்னே வச்சிருந்தேன். நாராயண் வயசான காலத்துல ராஜ்யசபா உறுப்பினரா இருந்தார். 1989ல தன்னோட முதல் பேச்சுக்கு அவர் எடுத்துக்கிட்ட விஷயம் இலக்கியம் இல்லை, பள்ளிப் பிள்ளைங்க முதுகுல சுமக்கிற பை. அந்த பாரத்துல பிள்ளைங்க கூன் விழுந்து நடக்குதுங்க, விளையாடவோ கனவு காணவோ நேரம் இல்லைங்கிற மாதிரி பேசினார். அந்தப் பேச்சு நாடு முழுக்கப் பேசப்பட்டு, பின்னாடி விஞ்ஞானி யஷ்பால் தலைமையில கமிட்டி போட்டு 1993ல சுமையில்லாத கற்றல்னு அறிக்கையே வந்துச்சு. சுவாமியை எழுதினவர் கிட்டத்தட்ட அறுபது வருஷம் கழிச்சும் அவன் பக்கத்துலயே நின்னு பேசிருக்கார்.

இதைச் சொல்லி முடிச்சதும் அவ எழுந்து போய் ஸ்கூல் பையை இழுத்துட்டு வந்தா, லீவுன்னாலும் உள்ள எல்லாம் அப்படியே இருந்துச்சு. சமையக்கட்டுல இருந்த தராசுல வைக்கப் பாத்தோம், அது அஞ்சு கிலோ வரைக்கும்தான் காட்டும், முள்ளு கடைசிக்குப் போய் முட்டிக்கிச்சு.